‘ரொம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆர், ஓ, எம், பி என்ற நான்கு எழுத்துகளால் ஆன ஒரு சிறிய ஆங்கிலச் சொல் அந்த வகுப்புகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. பிள்ளைகளின் கதைப்புத்தகத்தில் வருகிறது, நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வருகிறது, ஆற்றங்கரை நீர்நாய்களைப் பற்றிய செய்தியிலும் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் அது வெவ்வேறு பொருளைத் தருவதுபோல் தோன்றுவதாலும், தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் ‘ரொம்ப’ என்ற சொல்லைப் போலவே ஒலிப்பதாலும், அதைப் பற்றிய கேள்விகளுக்குக் குறைவே இல்லை. என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘ரொம்ப்’ என்றால் என்ன? ஓடுவது என்று சொன்னால் போதாதா?

போதாது. ஓடுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. கட்டுப்பாடு ஏதுமின்றி, உற்சாகம் மேலிட, உரத்த சத்தத்தோடும் கொஞ்சம் முரட்டுத்தனத்தோடும் ஓடியாடி விளையாடுவதையே இச்சொல் குறிக்கிறது. ஓடுகிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருக்காது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்த முடியாது. திடலைச் சுற்றிப் பயிற்சிக்காக ஓடுகிறவரைப் பற்றியும் பயன்படுத்த முடியாது.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடமான புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நான் பார்க்கும் காட்சியைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். பள்ளிப் பைகளைத் தூணோரம் போட்டுவிட்டு நான்கைந்து பிள்ளைகள் ‘கேட்ச்சிங்’ ஆடத் தொடங்குவார்கள். முதல் சில நிமிடங்களுக்கு ஒருவர் துரத்துவார், மற்றவர்கள் ஓடுவார்கள், விதிகள் இருக்கும். பிறகு யார் துரத்துகிறார், யார் ஓடுகிறார் என்பதே மறந்துபோகும். ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுப்பான், இருவரும் சேர்ந்து விழுவார்கள், மூன்றாவது பிள்ளை அவர்கள்மேல் வந்து விழும், சிரிப்புச் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும். முதல் சில நிமிடங்கள் நடந்தது ஓட்டம். அதன்பின் நடப்பதே ‘ரொம்ப்’.

இச்சொல்லை எப்படி உச்சரிப்பது?

பிரிட்டிஷ் முறைப்படி ஒகரத்தைக் குறிலாகவே ஒலிக்க வேண்டும். நெடிலாக்கி ‘ரோம்ப்’ என்று சொல்வது பிழை. இறுதியில் உள்ள பகரம் உயிரொலி எதுவும் சேராமல் உதடுகள் மூடித் திறப்பதோடு நின்றுவிட வேண்டும். தமிழ்ப் பேச்சு வழக்கில் சொல் வல்லின மெய்யோடு முடிவதில்லை என்பதால் நம் பிள்ளைகள் பலர் தங்களை அறியாமலேயே இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ரொம்ப்பு’ என்று சொல்கிறார்கள். அதைக் கவனித்துத் திருத்தினால் போதும்.

இச்சொல் எங்கிருந்து வந்தது?

‘ரொம்ப்’ என்ற வடிவம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆங்கில எழுத்தில் வேரூன்றுகிறது. அதற்கு முன்னரே ஆங்கிலத்தில் இருந்த ‘ரேம்ப்’ என்ற வினைச்சொல்லின் திரிந்த வடிவமே இது என்பது அகராதி அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சேர்த்தே அவர்கள் இதை எழுதுகிறார்கள் என்பதால், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பழைய ‘ரேம்ப்’ பழைய பிரெஞ்சு மொழியின் ‘ராம்பே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு ஏறுதல், பற்றிப் படர்ந்து மேலே செல்லுதல் என்று பொருள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லோ ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த பிராங்கிய மொழியிலிருந்து, நகத்தால் பற்றுதல், கொக்கிபோல் வளைந்து பிடித்தல் என்ற கருத்தோடு வந்ததாகக் கருதப்படுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ரேம்ப்’ என்றால் விலங்கு பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கிப் பாய நிற்பது என்ற பொருள் இருந்தது. சீற்றத்தோடு நிற்கும் விலங்கைக் குறித்த சொல், கட்டுக்கடங்காமல் திமிறும் எவரையும் குறிக்கலாயிற்று. சீற்றம் மெல்லக் கழன்று திமிறலும் ஆரவாரமும் மட்டும் எஞ்சியபோது, அது பிள்ளைகளின் விளையாட்டுக்கு உரிய சொல்லாயிற்று.

இதே வேரிலிருந்து கிளைத்தவை வேறு சிலவும் உண்டு. கட்டுமீறிய வெறியாட்டத்தைக் குறிக்கும் ‘ரேம்பேஜ்’ என்ற சொல் ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சக்கர நாற்காலியில் செல்வோருக்காக நம் புளோக்குகளின் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் சாய்வுப்பாதைக்கு வழங்கும் ‘ரேம்ப்’ என்ற பெயர் பிரெஞ்சிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் தனியாக வந்து சேர்ந்தது. அதிலும் ஏறுதல் என்ற பழம்பொருள் இன்றளவும் அப்படியே இருக்கிறது. நான் மேலே சொன்ன பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதும் அந்தச் சாய்வுப்பாதையில்தான். பெயர் ஒன்றும் வினை ஒன்றுமாக, ஒரே குடும்பத்தின் இரண்டு சொற்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதாக எனக்கு அப்போதெல்லாம் தோன்றும்.

இன்றைய பிரெஞ்சு மொழியில் ‘ராம்பே’ என்றால் தரையோடு தரையாக ஊர்ந்து செல்வது. ஏறுதலைக் குறித்த சொல் பிரெஞ்சில் ஊர்தலாகவும் ஆங்கிலத்தில் துள்ளலாகவும் ஆகியிருக்கிறது. பிரெஞ்சு படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இதனால் குழம்புவதுண்டு.

சிங்கப்பூரின் அரசுச் சின்னத்துக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

சொல்லின் வேரைப் பொறுத்தவரை உண்மைதான். உங்கள் கடப்பிதழின் அட்டையையோ ஒரு சிங்கப்பூர் நாணயத்தையோ கையில் எடுத்துப் பாருங்கள். 1959இல் அறிமுகமான அரசுச் சின்னத்தில், பிறையும் ஐந்து விண்மீன்களும் கொண்ட கேடயத்தை இடப்பக்கம் ஒரு சிங்கமும் வலப்பக்கம் ஒரு புலியும் தாங்கிப் பிடித்திருக்கும். இரண்டுமே பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களால் கேடயத்தைப் பற்றியிருக்கின்றன. கீழே நாடாவில் ‘மாஜுலா சிங்கப்பூரா’ என்று எழுதியிருக்கும்.

ஐரோப்பியக் குலச்சின்னக் கலையில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்துக்கு ‘ரேம்பன்ட்’ என்பது முறையான கலைச்சொல். பழைய பிரெஞ்சு ‘ராம்பே’ என்ற வினையின் எச்ச வடிவமே அது. கட்டுப்பாடின்றிப் பரவும் தீமையைக் குறிக்க, ஊழலையோ நோயையோ பற்றிச் செய்தித்தாள்கள் ‘ரேம்பன்ட்’ என்று எழுதுவதும் அந்தச் சிங்கத்தின் நிலையிலிருந்து வளர்ந்த பொருள்தான்.

ஆகவே எழுந்து நிற்கும் சிங்கமும் ஓடியாடும் பிள்ளையும் சொல்லளவில் உறவினர். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நாணயங்களைத் தேடி எடுத்து உற்றுப் பார்ப்பார்கள். ஒருமுறை தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு மாணவி, சிங்கத்தின் பின்னங்கால்களை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “இது பாயப் போகுதா, விளையாடப் போகுதா?” என்று கேட்டாள். ‘ரேம்ப்’ ‘ரொம்ப்’ ஆன வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

‘ரேம்ப்’ என்பது ‘ரொம்ப்’ என்று மாறியது என்பதற்கு என்ன சான்று?

ஒரு சொல்லில் மட்டும் நடந்ததாகச் சொன்னால் ஐயப்படலாம். ஆனால் ஆங்கிலத்தில் இதற்கு இணையான மாற்றங்கள் உள்ளன. காலைத் தரையில் ஓங்கி மிதிப்பதைக் குறிக்கும் ‘ஸ்டேம்ப்’ என்ற சொல்லுக்கு அமெரிக்க வழக்கில் ‘ஸ்டொம்ப்’ என்ற வடிவம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. கனத்த அடிவைத்து நடப்பதைக் குறிக்கும் ‘டிரேம்ப்’ என்ற சொல்லுக்கு ‘டிரொம்ப்’ என்ற வடிவம் தோன்றியது. மூன்றிலும் மகரமெய்யும் பகரமும் தொடர்ந்து வருகின்றன, மூன்றுமே காலின் வேகமான அசைவைக் குறிக்கின்றன. இவ்வாறு ஒரே சூழலில் ஒரே மாற்றம் திரும்ப நிகழ்வதைக் காட்டுவதுதான் சொற்பிறப்பியலில் நம்பத்தக்க முறை. அடுத்த கேள்விக்கும் இந்த முறையே உதவும்.

தமிழின் ‘ரொம்ப’ என்ற சொல்லிலிருந்து ஆங்கில ‘ரொம்ப்’ வந்ததா?

இதுதான் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. மொழிப்பற்றோடு கேட்கிறார்கள் என்பதால் அதை நான் மதிக்கிறேன். இருப்பினும் விடை, இல்லை என்பதே. காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ‘ரொம்ப’ என்பது ‘நிரம்ப’ என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். நிரம்புதல் என்றால் நிறைதல். குடம் நிரம்ப நீர் மொண்டாள் என்னும்போது உள்ள ‘நிரம்ப’ என்ற எச்சம், மிகுதியாக என்ற பொருளில் அடைமொழியாக வழங்கத் தொடங்கியது. விரைவாகப் பேசும்போது முதலில் உள்ள ‘நி’ நழுவியது. எஞ்சிய ‘ரம்ப’ என்பதில் அகரம், பின்வரும் உதட்டொலிகளின் ஈர்ப்பால் ஒகரமாயிற்று. இன்றும் மேடைப் பேச்சிலும் எழுத்திலும் ‘நிரம்ப மகிழ்ச்சி’ என்றும், வீட்டில் ‘ரொம்பச் சந்தோஷம்’ என்றும் சொல்கிறோம். முன்னது மூலம், பின்னது அதன் தேய்வு. இரண்டும் நம் நாவில் இன்றும் உயிரோடு இருப்பதால் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுக்கும்போது ரகரத்தை அவற்றுள் சேர்க்கவில்லை. ரகரத்தில் தொடங்கும் சொல் ஒன்று தமிழில் காணப்பட்டால், அது பிற மொழியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அல்லது முன்னே இருந்த ஏதோ ஓர் ஒலியை இழந்ததாக இருக்க வேண்டும். ‘இரண்டு’ என்பது பேச்சில் ‘ரெண்டு’ ஆனதுபோல, ‘நிரம்ப’ என்பது ‘ரொம்ப’ ஆயிற்று.

பொருளைப் பாருங்கள். தமிழ்ச் சொல் அளவைக் குறிக்கிறது, ஆங்கிலச் சொல் ஆட்டத்தைக் குறிக்கிறது. வழியைப் பாருங்கள். ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்த தடம் ஒவ்வொரு நூற்றாண்டிலும் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தடத்தில் தமிழோடு கைகோத்த இடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு மொழிகளிலும் ஆயிரக்கணக்கான சிறு சொற்கள் இருக்கும்போது, சில ஒன்றுபோல் ஒலிப்பது இயல்பு.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாக ஐயமின்றி நிறுவப்பட்ட சொற்கள் நமக்கு உள்ளன. ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆயிற்று, ‘சுருட்டு’ என்பது ‘ஷெரூட்’ ஆயிற்று, ‘மிளகுத்தண்ணீர்’ என்பது ‘மல்லிகடோனி’ என்ற சூப்பின் பெயராயிற்று. பொருளும் ஒலியும் கடல்வழி வணிகத்தின் வரலாறும் மூன்றும் ஒன்றுபட்டு நிற்பதால் அவற்றை எவரும் மறுப்பதில்லை. உறுதியற்ற ஒன்றை அந்தப் பட்டியலில் சேர்த்தால், கேட்பவர் உறுதியானவற்றையும் நம்பாமல் போய்விடுவார். தமிழின்மேல் உள்ள அக்கறையால்தான் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இச்சொல் பெண்பிள்ளைகளை மட்டும் குறித்ததா?

பெயர்ச்சொல்லாக அப்படி ஒரு வழக்கு இருந்தது. 15ஆம் நூற்றாண்டிலேயே ‘ரேம்ப்’ என்பது அடங்காத, ஆர்ப்பாட்டமான பெண்ணைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் ‘ரொம்ப்’ என்பதும், ஆண்பிள்ளைகளைப் போல் ஓடியாடித் திரியும் சிறுமியைக் குறித்தது. அந்தக் காலத்தில் அது பாராட்டுச் சொல் அன்று. அடக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டியவள் ஓடுகிறாள் என்ற குறையை அது சுமந்திருந்தது. தமிழ் வீடுகளில் ‘வாயாடி’, ‘அடங்காப்பிடாரி’ போன்ற சொற்கள் பெண்பிள்ளைகள்மேலேயே விழுந்ததை நினைத்தால், இந்த வழக்கு நமக்குப் புதிதாகத் தோன்றாது. இன்று பெயர்ச்சொல்லின் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. ஆணும் பெண்ணும் ஓடியாடும் ஆட்டத்தையே அது குறிக்கிறது. பழைய நாவல்களைப் படிக்கும் மாணவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நீர்நாய்க் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ரொம்ப்’ என்று அழைப்பது ஏன்?

யானைகளுக்கு ‘ஹெர்ட்’, சிங்கங்களுக்கு ‘பிரைட்’ என்பதுபோல், கரையேறிய நீர்நாய்க் கூட்டத்துக்கு ‘ரொம்ப்’ என்றும், நீரில் மிதக்கும் கூட்டத்துக்கு ‘ராஃப்ட்’ என்றும் பெயர் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் உள்ளது. இத்தகைய கூட்டப் பெயர்கள் எல்லாமே இடைக்காலத்தைச் சேர்ந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றுள் சில உண்மையிலேயே பழையவை. 1486இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான வேட்டை நூலில் அத்தகைய பெயர்களின் நீண்ட பட்டியல் உண்டு. ஆனால் ‘ரொம்ப்’ என்ற சொல் வடிவமே அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான் வேரூன்றியது என்பதால், நீர்நாய்களின் இந்தப் பெயர் அவ்வளவு பழையதாக இருக்க முடியாது.

பெயரின் வயது குறைவானாலும் பொருத்தம் குறைவில்லை. சிங்கப்பூரில் நாம் காண்பது மென்மயிர் நீர்நாய். ஆறுகள் மாசுபட்டிருந்த காலத்தில் இத்தீவில் காணாமற்போன இவை, 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடந்த ஆற்றுத் தூய்மைப் பணிக்குப் பின்னர், 1990களின் பிற்பகுதியில் சுங்கை பூலோ சதுப்புநிலப் பகுதியில் மீண்டும் குடியேறின. பின்னர் பீஷான், காலாங், மரினா பே எனத் தீவின் நடுப்பகுதிக்கே வந்துவிட்டன.

காலாங் ஆற்றோரப் பூங்காப் பாதையில் ஒரு நாள் காலை ஏழு மணியளவில் நடந்துகொண்டிருந்தபோது, ஒன்பது நீர்நாய்கள் கரையேறுவதைப் பத்து அடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதலில் வந்த பெரியது நின்று மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. மற்றவை அதைத் தாண்டி, முதுகை வில்போல் வளைத்து வளைத்துத் துள்ளி ஓடின. புல்தரையை அடைந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. ஈர உடம்பைப் புல்லில் தேய்த்தன, மல்லாந்து புரண்டன, குட்டிகள் தாயின் வாலைக் கவ்வி இழுத்தன, கீச்சுக் கீச்சென்ற ஒலி விடாமல் கேட்டது. உடம்பை உலர்த்துவது அவற்றின் தேவை. ஆனால் அந்தத் தேவையை அவை நிறைவேற்றிய விதம், எங்கள் கீழ்த்தளத்துப் பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து எனக்கு வேறாகத் தெரியவில்லை. நீங்கள் இதைக் காண நேர்ந்தால் விலகி நின்றே பாருங்கள். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள் நெருங்கி வருகிறவரைக் கடிக்கக்கூடும்.

விளையாட்டுச் செய்திகளில் ‘ரொம்ப்’ என்று எழுதுவது எதைக் குறிக்கிறது?

எதிரணி போட்டியே தராத அளவுக்கு எளிதாகப் பெற்ற வெற்றியைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குதிரைப் பந்தய வழக்கில் இது தோன்றியது. மற்ற குதிரைகள் மூச்சிரைக்க வரும்போது, விளையாட்டாக ஓடுவதுபோல் எல்லைக்கோட்டைக் கடக்கும் குதிரையைப் பற்றி அவ்வாறு சொன்னார்கள். சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தய மரபு 2024 அக்டோபரில் கிராஞ்சியில் நடந்த கடைசிப் பந்தயத்தோடு முடிந்துவிட்டது. பந்தயத்திடலின் இச்சொல்லோ காற்பந்து, பூப்பந்துச் செய்திகளில் நிலைத்துவிட்டது.

குழந்தைகளின் ‘ரொம்பர்’ உடைக்கும் இதே வேரா?

ஆம். மேற்சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த அந்த உடை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழந்தை தடையின்றித் தவழவும் ஓடவும் ஏற்றது என்பதால் இப்பெயர் பெற்றது. தேக்காவில் உள்ள துணிக்கடைகளில் இதை ‘ரோம்பர்’ என்று நெடிலாகச் சொல்வதைக் கேட்கலாம்.

இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள் உண்டா?

உண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டனின் பரபரப்புச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக இச்சொல்லைப் பெரியவர்களின் பாலுறவு பற்றிய செய்திகளில் மறைமொழியாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆகவே வயதுவந்த இருவர் ஓரிடத்தில் ஒன்றாக விளையாடி மகிழ்ந்தார்கள் என்று சொல்ல வரும்போது இச்சொல்லை எடுத்தால், வாசகர் வேறு பொருள் கொள்வார். பிள்ளைகள், விலங்குக் குட்டிகள் என்று தெளிவாக இருக்கும் வாக்கியத்தில் எந்த இடரும் இல்லை.

திரைப்படத்தையோ நாடகத்தையோ பற்றி இச்சொல் வந்தால் பொருள் வேறு. கனமான செய்தி எதையும் சுமக்காமல் விறுவிறுப்பாகவும் கலகலப்பாகவும் ஓடும் படைப்பு என்பதே அங்கே கருத்து.

இதே பொருளில் ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள்ளனவே, அவற்றின் வரலாறு என்ன?

துள்ளியோடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் கண்டத்து ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவை ஒவ்வொன்றும் தொடக்கத்தில் வேறொன்றைக் குறித்தவை.

ஆட்டுக்குட்டிகளுக்கு மிகவும் பொருந்தும் சொல் ‘கேம்பல்’. இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. கால்களுக்கு இடையே பிடித்து வாசிக்கும் ‘வியோலா டா காம்பா’ என்ற நரம்பிசைக் கருவியின் பெயரிலும் இதே காலைக் காணலாம். சதுரங்கத்தில் தொடக்கத்திலேயே ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடும் ‘கேம்பிட்’ என்ற முறையும், காலை இடறி வீழ்த்துவது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததே. 2024 டிசம்பரில் செந்தோசாவில் நடந்த உலக வாகையர் போட்டியில் சென்னையின் குகேஷ் பட்டம் வென்றபோது சதுரங்கச் செய்திகளை விடாமல் படித்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. சூதாட்டத்தைக் குறிக்கும் ‘கேம்பிள்’ என்ற சொல் கிட்டத்தட்ட இதே ஒலியுடையது என்றாலும், அது ‘கேம்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இரண்டுக்கும் உறவில்லை. எழுத்துக்கூட்டலில் தவறினால் ஆட்டுக்குட்டிகள் சூதாடியதாகிவிடும் என்று எச்சரித்த பின்னரே இதை வகுப்பில் கற்பிக்கிறேன்.

‘கேப்பர்’ என்ற சொல்லின் வேரில் இருப்பது ஆடும் மானும். இலத்தீன் மொழியில் ‘காப்பர்’ என்றால் வெள்ளாடு. அதன் வழியில் வந்த இத்தாலியச் சொல் துள்ளலைக் குறித்தது. துள்ளித் துள்ளிச் செல்லும் இலேசான குதிரை வண்டிக்கு அதே வேரிலிருந்து ‘கேப்ரியோலே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்டார்கள். அதன் சுருக்கமே ‘கேப்’. டாக்சியைக் கூப்பிடும்போது நாம் சொல்லும் ‘கேப்’ என்ற சொல்லுக்குள் ஒரு வெள்ளாடு இருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்த நாளில் நான் அடைந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

‘ஃபிராலிக்’ என்பது டச்சு மொழியில் மகிழ்ச்சியான என்ற பொருள் தரும் பெயரடை. ஆங்கிலத்தில் வினையாயிற்று. இறந்தகால வடிவில் ஒரு கே எழுத்து கூடுதலாகச் சேரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ‘ஃபிரிஸ்க்’ என்பது புதுமையைக் குறிக்கும் ‘ஃபிரெஷ்’ என்ற சொல்லின் உறவு. விமான நிலையத்தில் உடம்பைத் தடவிச் சோதிப்பதற்கும் இச்சொல்லே பிற்காலத்தில் வழங்கலாயிற்று.

‘ஸ்கேம்பர்’ என்பது அணிலும் எலியும் சிறு பிள்ளையும் குடுகுடுவென ஓடுவதைக் குறிக்கிறது. இலத்தீனில் களத்தைவிட்டு என்று பொருள்படும் தொடரிலிருந்து, போர்க்களத்தைவிட்டு ஓடிப்போதலைக் குறித்துப் பிறந்த சொல் அது. அச்சத்தில் ஓடியவர்களின் சொல் இன்று குழந்தையின் தளிர்நடை ஓட்டத்துக்குப் பயன்படுகிறது.

தமிழில் ‘ரொம்ப்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பது?

ஒற்றைச் சொல்லைத் தேடுவதால்தான் பலர் இடறுகிறார்கள். ஓட்டம், சத்தம், முரட்டுத்தனம், மகிழ்ச்சி ஆகிய நான்கையும் ஆங்கிலம் ஒரே அசைக்குள் அடைத்துவிடுகிறது. தமிழோ வினையெச்சங்களை அடுக்கி அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும் மொழி. ‘ஓடியாடி’, ‘ஆடிப்பாடி’, ‘விழுந்து புரண்டு’, ‘துள்ளிக் குதித்து’ என்ற தொடர்களில் நமக்கு இருக்கும் வளம் ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ஓடுவது யார், சூழலில் நான்கில் எது மேலோங்கி நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிள்ளைகள் பூங்காவில் என்றால் ‘ஓடியாடிக் கும்மாளமிட்டார்கள்’ என்பது பொருந்தும். நாய்க்குட்டிகள் என்றால் ‘ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு விளையாடின’ என்று எழுதுவேன். வீட்டுக்குள் சத்தமும் குறும்பும் மிகுந்தால் ‘கொட்டமடித்தார்கள்’ அல்லது ‘ஆட்டம் போட்டார்கள்’ என்பது இயல்பு. வெற்றியைப் பற்றியது என்றால் ஓட்டமே வேண்டாம், ‘எளிதாக வாகை சூடியது’ என்றால் போதும். ஒரு நிகழ்ச்சி அறிவிப்பில், குடும்பங்கள் பூங்காவில் ஓடியாடி மகிழலாம் என்ற அழைப்பு ‘பூங்காவில் ஆரவாரம் செய்யலாம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருந்ததை ஒருமுறை கண்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அகராதியில் அதற்கு இடமுண்டு. படிக்கிற தமிழருக்கோ அது போராட்ட அழைப்புபோல் ஒலிக்கும்.

ஒரே வேரைத்தான் வேண்டும் என்றால், ‘துள்ளு’ என்பதே மிக அருகில் நிற்கிறது. கலிப்பாவுக்கு உரிய ஓசையைத் துள்ளலோசை என்று யாப்பிலக்கணம் கூறும். கன்று துள்ளினாற்போல இடையிடையே உயர்ந்து வருவதால் அப்பெயர் என்று உரை சொல்வார்கள். மகிழ்ச்சியோடு அடங்காமையும் அச்சொல்லில் உண்டு. ‘துள்ளுகிற மாடு பொதி சுமக்கும்’ என்ற பழமொழியில் வரும் துள்ளல் திமிரைக் குறிக்கிறது. பாயும் விலங்கின் சீற்றத்திலிருந்து பிள்ளையின் ஆட்டத்துக்கு வந்த ஆங்கிலச் சொல்லின் இரு முகங்களும் இந்தத் தமிழ்ச் சொல்லில் அருகருகே இருக்கின்றன.

தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் இச்சொல்லை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், பொருத்தமான இடத்தில் ஒருமுறை மட்டும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்காகச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், ஓடு என்ற வினை வரும் இடத்திலெல்லாம் இதைப் பொருத்தப் பார்க்கிறார்கள். தீ விபத்தில் மக்கள் ‘ரொம்ப்’ செய்து வெளியேறினார்கள் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தது, காட்சி கெட்டுவிட்டது. அவனைத் திட்டாமல், கீழ்த்தளத்தில் நீ எப்படி விளையாடுவாய், அம்மா மாடியிலிருந்து என்ன சொல்வார் என்று கேட்டேன். “ரொம்பத் துள்ளாதேன்னு கத்துவாங்க” என்றான். அந்தத் துள்ளலை எழுத வேண்டிய இடத்தில் மட்டும் இந்தச் சொல்லை எழுது என்றேன். அடுத்த வாரக் கட்டுரையில் அவன் அதை நீர்நாய்க் குட்டிகளுக்குப் பயன்படுத்தியிருந்தான்.